பழனிசாமியும் பாதி மாத்திரையும்

கொங்கு நாட்டில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய், சீட்டு வரிசைக்கு முன்னால் நின்று “பழனிசாமி” என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். தைப்பூசத்துக்கு நடந்தே பழனி போய்ச் சேருகிற ஊர்கள் இவை. வீட்டுக்கு ஒருவருக்கு அந்த ஆண்டவன் பெயர் இருப்பதில் வியப்பில்லை. சீட்டு எழுதுகிறவருக்கு இதில் ஒரு சிரமமும் கிடையாது. “மேக்கால தோட்டத்துப் பழனிசாமிங்களா, மில்லுக்குப் போறவருங்களா?” என்று கேட்டு வேலையை முடித்துவிடுவார்.

கணினிக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. அதன் கையில் இருப்பது எழுத்துக்கூட்டல் மட்டும். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ழகரத்துக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘இசட்-ஹெச்’ போடுவார். முடிவில் வருவது சாமியா, சுவாமியா என்பது அவரவர் பள்ளிக்கூட வாத்தியார் என்றோ எழுதிவைத்த தலையெழுத்து. ஒரே ஆள் சூலூரில் ஒரு மாதிரியும் கோவை பெரியாஸ்பத்திரியில் வேறு மாதிரியும் பதிவாகிவிட்டால், சூலூரில் குறித்த சர்க்கரை அளவு கோவை டாக்டரின் திரைக்கு வந்து சேராது. வந்தவர் புது நோயாளி ஆகிவிடுவார். அதைவிட மோசம், இன்னொரு பழனிசாமியின் மருந்து விவரம் இவர் பெயரில் ஏறுவது.

பெயரைக் காதால் தேடும் முயற்சி நூறாண்டு பழையது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-ல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். பிற்காலத்தில் சவுண்டெக்ஸ் என்று பெயர்பெற்ற அந்த முறை இன்னும் பல தரவுத்தளங்களில் உயிரோடு இருக்கிறது. பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைக் கழித்துவிட்டு, ஒலி ஒத்த மெய்களுக்கு ஒரே இலக்கம் தருவதுதான் அதன் சூத்திரம். நம் ஊர்க் கந்தசாமியை வழக்கமாக எழுதும் விதங்களில் எப்படி எழுதினாலும் கே532 என்றே வரும். கந்தசாமி தப்பித்தார். பழனிசாமிக்கு அந்த யோகம் இல்லை. ‘எல்’ போட்டால் பி452, ‘இசட்-ஹெச்’ போட்டால் பி252. ஆங்கிலக் காதுக்கு ழகரம் ஒரு முறை ல, மறுமுறை ஸ.

பெயரைத் தமிழிலேயே சேமித்தால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி இல்லை. பழனிசாமிக்கும் பழனிச்சாமிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சகர ஒற்று. ஒற்றைக் கழித்துவிட்டு ஒப்பிடு என்று நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் பல மருத்துவ மென்பொருள்களில் பெயரின் மூலம் ஆங்கிலம். தமிழ் அதன் நகல்.

தமிழில் ஒரு மருத்துவத் தளம் கட்டுவது என்றதும் பலருக்கும் தோன்றுவது பொத்தான்களில் தமிழ் எழுத்து. அது கடைசி வாரத்து வேலை. மொழி உட்கார்ந்திருக்கும் இடம் இன்னும் கீழே: பெயர்க் கட்டத்தில், தேடும் முறையில், குறுஞ்செய்தியின் நீளத்தில், ஒரு கேள்விக்கு எத்தனை விடை வைத்தோம் என்பதில். இவற்றை ஆங்கிலத்தில் முடிவுசெய்துவிட்டு மேலே தமிழ் பூசினால், திரை அழகாகத்தான் இருக்கும்.

பெயர்க் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் நிரப்ப வேண்டும். நமக்குக் கடைசிப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். அதுவும் பெண்ணுக்குக் கல்யாணமானால் அப்பா போய்ப் புருஷன் வருவார். டேட்டா என்ட்ரி செய்யும் பெண் கடைசிப் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு ஒரு மாற்று வழி, பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது. 2008-ல் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கிய, ஊரில் எல்லோரும் ‘பிக்மி’ என்று சொல்லும் கர்ப்பிணிகள் பதிவு அப்படிப்பட்டது. கர்ப்பம் உறுதியானதும் பதிந்து 12 இலக்க எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். எண்ணுக்கு எழுத்துப்பிழை வராது. ஆனால் முகவரி? கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். பெருந்துறையில் வாழ்க்கைப்பட்ட பெண் ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு முடிந்து பொள்ளாச்சிக்குப் போய்விடுவாள். பேறுகால ரத்தக் கொதிப்பு தலைகாட்டுவது 20 வாரத்துக்குப் பிறகு. வாரம் கூடக்கூட கண்காணிப்பும் கூட வேண்டும். கண்காணிப்பு அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் அவள் ஊர் மாறுகிறாள். முகவரிக்கு ஒரே கட்டம் வைக்கிற பொறியாளர் எந்த வளைகாப்புக்கும் போனதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாமியார் வீட்டு ஊர்ச் செவிலியரும் தாய்வீட்டு ஊர்ச் செவிலியரும் ஒரே பதிவைப் பார்க்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். இது மானுடவியல் போலத் தோன்றும், ஆனால் தரவுத்தள வடிவமைப்பு.

குறுஞ்செய்திக்கு வருவோம். ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து கொள்ளும். தமிழை யூனிகோடில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட். 70 குறிதான் கொள்ளும். குறி என்றால் நாம் எண்ணுகிற எழுத்தும் இல்லை. ‘கு’ நமக்கு ஒரு எழுத்து. கணினிக்கு ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. புள்ளிக்கும் தனி இடம். இப்படி ஒரு செய்தி எழுதுகிறோம் என்று வையுங்கள்:

“நாளை காலை 9 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும்.”

சுருக்கமான செய்திதான். எண்ணினால் 89 குறி. எழுபதாவது குறி எங்கே விழுகிறது தெரியுமா? ‘வெறும’ என்ற இடத்தில், மகரத்தின் புள்ளிகூட ஏறவில்லை. இரண்டு செய்தியாக உடைத்து அனுப்பினால் தொடர்ச்சிக் குறிப்புக்கும் இடம் போய், ஒவ்வொன்றும் 67 குறிதான் கொள்ளும், செலவும் இரட்டிப்பு. ஒட்டத் தெரிந்த போனில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் துண்டு மட்டும் வந்து சேர்ந்தால்? நோயாளி 9 மணிக்கு வந்துவிடுவார், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு. அன்றைய சர்க்கரை அளவு பொய்யாகிவிடும். மருந்தின் அளவு அந்தப் பொய்யைப் பார்த்து முடிவாகும். “சாப்பிடாம வாங்க” என்று தொடங்கினால் செலவில்லாமல் தீருகிற காரியம் இது. கட்டளை முதலில், இடமும் நேரமும் பிறகு. இதை மொழிபெயர்ப்பாளரிடம் எதிர்பார்க்க முடியாது. அவர் கைக்கு வரும்போதே ஆங்கில வாக்கியத்தின் வரிசை முடிவாகிவிட்டது.

செய்தி யார் போனுக்குப் போகிறது என்பது வேறு கதை. ஆதாரோடு இணைத்த எண் மகனுடையது, மகன் பெங்களூரில். மருத்துவ அடையாள எண் எடுக்க வரும் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். கருத்தடை ஊசியின் தேதி மாமனார் கையில் இருக்கும் போனில் ஒலிக்கும் வீடுகளும் உண்டு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற வீடுதேடி வரும் அரசுத் திட்டம் தொடங்கியது. அதன் தேவையைச் சொல்ல முந்தைய ஆண்டின் ஸ்டெப்ஸ் ஆய்வு போதும்: தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்கு. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தக் கருவியும் குளுக்கோமீட்டரும் மாத்திரைப் பையுமாக வீடு வீடாகப் போகிறார்கள். பார்த்ததைப் பதிவு செய்கிறார்கள். டிஜிட்டல் மருத்துவம் என்று நாம் சொல்லும் பெரிய கட்டடத்தின் வாசல்படி இந்தப் பெண்கள்தான்.

அன்னூர்ப் பக்கம் ஒரு திண்ணையில் இப்படி ஒரு பேச்சைக் கேட்டேன்.

“ஏனுங் ஆத்தா, மாத்தர போடறீங்ளா?”

“போடறனே அம்மிணி.”

“முழுசாப் போடறீங்ளா?”

“அதெங்க? முழுசாப் போட்டா கிறுகிறுங்குது. பாதிய ஒடச்சுப் போட்டுக்கறது, மீதி மக்யா நாளைக்கு.”

படிவங்கள் இந்த இடத்தில் வழக்கமாகக் கேட்பது: மருந்து எடுத்துக்கொள்கிறாரா? ஆம், இல்லை. ஆத்தா பொய் சொல்லவில்லை. தன்னார்வலர் ‘ஆம்’ அழுத்தினால் அவரும் பொய் சொல்லவில்லை. இனி என்ன நடக்கும் என்று பாருங்கள். டாக்டரின் திரையில் அழுத்தம் 160. மருந்து போட்டும் இறங்கவில்லை என்று அவர் படிக்கிறார். முறைப்படி மாத்திரையின் அளவைக் கூட்டுகிறார், அல்லது இன்னொன்று சேர்க்கிறார். ஆத்தாவுக்குக் கிறுகிறுப்பு கூடுகிறது. பாதி கால் ஆகிறது, அல்லது ஒரு நாள் கிணற்றடியில் விழுந்து இடுப்பு உடைகிறது. இதில் தவறு செய்தவர் என்று யாரையும் காட்ட முடியாது, விடைக்கு இரண்டே கட்டம் வைத்தவரைத் தவிர.

கிறுகிறுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1972-ல் டிராக்மன், ஹார்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், ஆங்கில நோயாளி ஒரே சொல்லில் சொல்லும் தலைக் கிறக்கத்தை நான்காகப் பிரித்தார்கள்: உலகம் சுழல்வது, மயங்கி விழப்போவது போலிருப்பது, நடையில் தள்ளாட்டம், இவற்றில் சேராத மிச்சம். வகை தெரிந்தால் காரணம் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊர்ப் பேச்சில் இந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றும். தல சுத்துது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, கால் நிக்கமாட்டீங்குது. ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால் இவை எல்லாம் ‘தலைச்சுற்றல்’ என்ற ஒற்றைக் கட்டத்தில் விழுந்துவிடும்.

இங்கே தமிழைத் தூக்கிப் பிடித்து ஒரு பத்தி எழுத ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2007-ல் நியூமன்-டோக்கரும் சகாக்களும் அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்தபோது, கிறக்கத்தின் வகையைச் சொன்ன நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல், சில நிமிடம் கழித்துக் கேட்டால் வேறு வகையைச் சொன்னார்கள். மாறாமல் நின்றது வேறொன்று: எப்போது வருகிறது, எதைச் செய்தால் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது. ஆத்தாவிடம் கேட்க வேண்டியதும் அதுதான். “எந்திரிச்சா வருதுங்ளா?” ஆமாம் என்றால் உட்கார்ந்தபடி ஒரு அளவு, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு அளவு எடுக்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் காரணம் பிடிபட்டது. இப்படி இறங்குவது முதியவர்களுக்குக் கொதிப்பு மாத்திரையால் அடிக்கடி வருவது. அந்தப் படிவத்துக்கு வேண்டியவை மூன்று: ‘பாதி போடுகிறார்’ என்று ஒரு விடை, எழுந்தால் வருகிறதா என்று ஒரு கேள்வி, நின்ற அளவுக்கு ஒரு கட்டம். எந்த மொழிபெயர்ப்பும் இந்த மூன்றையும் கொண்டுவராது. அகராதியைவிடத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட காதுக்குத்தான் இது கிடைக்கும்.

கட்டத்தை விட்டுவிடலாம், பேசினால் போதும், மெஷின் புரிந்துகொள்ளும் என்பது இன்றைய நம்பிக்கை. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு மாவட்டம் மாவட்டமாக மக்கள் இயல்பாகப் பேசுவதைத் திரட்டி வருகிறது. செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டு வளர்ந்த கருவிக்கு இது அவசியமான பாடம். பேச்சறியும் கருவியின் தரத்தை நூறு சொல்லுக்கு எத்தனை தப்பு என்று அளப்பார்கள். பத்தில் ஒன்று தப்பினால் பிழை 10 சதவீதம். ஆய்வுக் கட்டுரையில் அது நல்ல மதிப்பெண். ஆனால் எந்தச் சொல் தப்பியது? “போட்டனுங்க” என்பதற்கும் “போடலீங்க” என்பதற்கும் நடுவில் ஒரு நோயாளியின் அன்றைய மருத்துவம் முழுதும் இருக்கிறது. தமிழில் இல்லை என்பது வினையின் வாலில் ஒட்டி வரும். பேச்சு தணிந்து அடங்கும் இடம் அது. பழைய தொலைபேசி இணைப்பு 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் வேறு. ஆகவே மருந்து பற்றிய பதிலைக் கருவி ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை போடும் மதிப்பெண்ணை மருத்துவத்தில் நம்பக்கூடாது.

எழுத்து மொழிபெயர்ப்பும் அப்படியே. 2014-ல் பிஎம்ஜே இதழில் வந்த ஒரு சோதனையில், உங்கள் கணவருக்கு இதயம் நின்றுவிட்டது என்ற வாக்கியம் கூகுள் வழியாக மராத்திக்குப் போய், உங்கள் கணவரின் இதயம் சிறைப்பட்டது என்று வந்தது. 2021-ல் வந்த அமெரிக்க ஆய்வு 20 மருத்துவ அறிவுரைகளை 7 மொழிகளில் பார்த்தது. ஸ்பானிஷில் 94 சதவீதம் சரி, ஆர்மீனியனில் 55. வலிக்கு இபுப்ரோஃபென் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது ஆர்மீனியனில், டாங்கியைத் தகர்க்கும் ஏவுகணையை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றானது. இணையத்தில் எழுத்து அதிகமுள்ள மொழி பிழைத்தது, குறைவான மொழி மாட்டிக்கொண்டது. கருவிகள் அதன் பிறகு வெகுவாகத் தேறிவிட்டன. இப்போதைய ஆபத்து சிரிக்கவைக்கும் பிழையில் இல்லை; வழவழவென்று ஓடும் வாக்கியத்தில் அளவு மட்டும் மாறியிருப்பதில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க உலகெங்கும் கையாளும் வழி, அதை மறுபடி மூலமொழிக்கே திருப்பி ஒப்பிடுவது. 1970-ல் பிரிஸ்லின் எழுதிய கட்டுரையிலிருந்து இது பரவியது. நல்ல வழிதான். ஆனால் ‘உயர் குருதி அழுத்தம்’ என்று எழுதினால் திருப்பும்போது அச்சுப் பிசகாமல் ஆங்கிலம் வந்துவிடும், சோதனையில் தேறிவிடும். கேட்கிற ஆத்தாவுக்குக் குருதி என்றால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். பிரசர் என்று எழுதத் துணியாத தமிழ்ப் பற்றினால் நோயாளிக்குப் பயனில்லை என்பது என் கட்சி.

மொழி வேண்டாத இடமும் மருத்துவத்தில் உண்டு. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிக் கணினிக்குச் சர்க்கரை நோயாளியின் கண் பாதிப்பைக் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள்; அந்த முயற்சியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் கூட்டாளி. ரத்தக் கசிவுக்குத் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஆனால் படம் பார்த்து முடிந்த மறு நிமிடம் மொழி திரும்பி வந்துவிடும். “கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது, எதுக்குப் பெரியாஸ்பத்திரி?” ஆரம்பக் கட்டத்தில் இந்த நோய் பார்வையை மறைக்காது. தெரிகிற கண்ணுக்கு ஏன் சிகிச்சை என்று சொல்லிப் புரியவைக்க ஆள் வேண்டும்.

இதுவரை தமிழை நலிந்த கட்சியாகவே வைத்துப் பேசினோம். திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒடியாக்காரருக்கு நம் தமிழ்ப் படிவம், அன்னூர் ஆத்தாவுக்கு ஆங்கிலப் படிவம் எப்படியோ அப்படி. ஒடியா அரசியலமைப்பின் 22 மொழிகளில் ஒன்று என்பதால் கருவிகளாவது இருக்கின்றன; தமிழ்த் தளத்தில் ஒடியாவுக்கு ஒரு பொத்தான் வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனைகட்டி மலையடிவாரத்தில் பேசப்படும் இருளத்துக்கு அதுவும் இல்லை. 1973-லேயே கமில் சுவலபில் தனி நூல் எழுதிய மொழி அது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழின் கீழ் ஒரு தாய்மொழியாக அடங்கிவிட்டது. அரசுப் பட்டியல்களைப் பார்த்துத்தான் கருவி செய்கிறவர்களும் மொழிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு மொழி பட்டியலில் விடுபடுவது வெறும் பெருமைப் பிரச்சினை இல்லை. இந்தியாவில் அரிவாள் செல் நோய்க் கூறு முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளிடம். லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டார்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஒன்றிய அரசின் ஒழிப்பு இயக்கம், சோதித்தவரின் நிலையை அட்டையில் போட்டுத் தருகிறது. அட்டையின் பொருளைச் சொல்வதுதான் கடினம். கணவன் மனைவி இருவருக்கும் கூறு இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நோயோடு பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று பொருளில்லை. நிகழ்தகவைப் பட்டதாரிக்கு அவர் மொழியில் சொல்வதே பாடு. கருவியே இல்லாத இருளத்தில் எப்படிச் சொல்வது?

இருளத்துக்குப் பெரிய கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருளம் பேசும் சிற்றூர்ப் பெண் ஒருவர் விஷயத்தைச் செவிலியரிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, தன் வாயால் தன் மொழியில் சொல்லிப் பதிந்தால் போதும். மிஸ்டு கால் கொடுத்தால் அந்தக் குரல் திரும்ப அழைத்துப் பேசும்படி செய்யலாம். எழுத்து வேண்டாம், 70 குறிக் கணக்கு வேண்டாம், பட்டன் போனே போதும். கர்ப்பிணிகளுக்குக் குரல்வழிச் செய்தி சொல்லும் ஒன்றிய அரசின் ‘கில்காரி’ 2016-லிருந்து 72 பதிவுகளை வைத்துக்கொண்டு ஓடுகிறது. அளவில் பெரியதே தவிர யோசனை இதுதான். சிக்கல் அடுத்த ஆண்டு வரும். மருந்து மாறும், தேதி மாறும், அட்டையின் நிறம் மாறும். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணைத் தேடிப்போய்க் கெஞ்சி மறுபடி பதிய முடியாது. சர்வருக்கு மாத வாடகை கட்டுவது போல அவருக்கும் மாதச் சம்பளம் போட்டாக வேண்டும், திட்டச் செலவில் முதல் வரியாக.